பாண்டியராஜின் அக்கா

பாண்டியராஜ் தப்பித்துவிட்டான் என்ற செய்தி வந்தபோது சுகந்தி ஒரு குழந்தைக்குச் சளி துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள். செய்தியைக் கொண்டுவந்தவன் அவள் கணவன் அழகையா. ஃபேக்டரியில் போட்டது போட்டபடி, தலையில் பிளாஸ்டிக் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு மழையில் ஓடி வந்திருந்தான். வாசலில் நின்றபடியே சொன்னான்.

"உன் தம்பி போலீஸ் வேன்ல இருந்து ஓடிட்டானாம் புள்ள. பர்லியாருக்கு மேல. டிவியில ஓடிட்டிருக்குது."

சுகந்தி குழந்தையை மடியிலிருந்து இறக்கினாள். "கையில வெலங்கு போட்டிருந்தாங்களா?" என்றாள். ஏன் முதலில் அதைக் கேட்டோம் என்று பிற்பாடு பலமுறை யோசித்தும் அவளுக்குத் தெரியவில்லை.

குன்னூரிலிருந்து கொலக்கம்பை போகும் சாலையில் வெள்ளிப்பாறை எஸ்டேட் இருக்கிறது. சுகந்தி பிறந்தது அங்கேதான், தொழிலாளர் வீட்டு வரிசையில், ஐந்தாம் நம்பர் லைனில். அவளுடைய அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகும் கட்டடத்தை அவர்கள் 'பிள்ளைக்காம்பரா' என்று சொன்னதால் இன்றும் லைனில் அதற்கு அந்தப் பெயர்தான். மழைக்காலத்தில் சரிவில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்ட பிறகு சுகந்தியால் கூடை சுமக்க முடியவில்லை. பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். பன்னிரண்டு வருடமாக அதுதான் வேலை. அன்றைக்கு அவளிடம் பதினேழு குழந்தைகள் இருந்தன.

பாண்டியராஜும் ஒரு வகையில் அவள் வளர்த்த பிள்ளைதான். அம்மா இறந்தபோது அவனுக்கு நான்கு வயது, இவளுக்குப் பதினொன்று. பெரியவனானதும் குன்னூரில் டூரிஸ்ட் ஜீப் ஓட்டினான். போன ஜூலையில் ஒரு நாள், ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில், சவாரி ஏற்றுவது யாருடைய முறை என்பதில் இன்னொரு டிரைவரோடு தகராறு. ஜாக்கி லீவரை எடுத்து அடித்துவிட்டான். அடிபட்ட தினேஷ்குமார் மூன்றாம் நாள் இறந்துபோனான். இருபத்தெட்டு வயது, பக்கத்து எஸ்டேட் மேஸ்திரி பழனியாண்டியின் ஒரே மகன். சுகந்தி துக்கத்துக்குப் போகக் கிளம்பினாள். அந்த எஸ்டேட் வளைவு வரை போய், அழுகைச் சத்தம் காதில் விழுந்ததும் கால் வராமல் திரும்பிவிட்டாள்.

நவம்பரில், கோயம்புத்தூர் சிறையிலிருந்து ஊட்டி கோர்ட்டுக்குக் கொண்டுவரும் வழியில் மலைப்பாதையில் மரம் விழுந்து வண்டிகள் நின்றுவிட்டன. ஒன்றுக்குப் போகவேண்டும் என்று இறங்கியவன், பனிமூட்டத்தில் சரிவில் உருண்டு காணாமல் போனான். விலங்கை ஒரு கையில்தான் மாட்டியிருந்தார்களாம்.

அன்று சாயங்காலமே மலை முழுவதும் அவன் இருந்தான்.

குந்தாவில் மின்வாரியத்து ஆள் ஒருவர் சுரங்க வாசலில் அவனைப் பார்த்ததாக வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வந்தது. மறுநாள் காலை அவன் தெப்பக்காட்டுப் பக்கம் போய்விட்டான். யானை முகாமில் இரண்டு வேளை சாப்பாடு காணவில்லை என்றார்கள். மத்தியானம் கூடலூரில் லாரி ஏறி நாடுகாணி வழியாகக் கேரளாவுக்குள் போனான். கோட்டு போட்ட ஒருவர் டிவியில் மலைப் படத்தை வைத்து, சிவப்பு வட்டம் போட்டு, இங்கே இருக்க வாய்ப்பு அதிகம் என்றார். அந்த வட்டத்துக்குள் நான்கு ஊரும் இரண்டு அணையும் இருந்தன. கொடியில் காய்ந்த சட்டை காணாமல் போனால் பாண்டியராஜ். கொய்யாமரத்தடியில் கடித்த பழங்கள் சிதறிக் கிடந்தால், கரடியின் நகம் பட்ட மரத்தைப் பார்த்துக்கொண்டே, பாண்டியராஜ் என்றார்கள். மேல்காட்டுக்குக் கொழுந்து எடுக்கப் போகமாட்டோம் என்று பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.

பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளும் அதையே விளையாடின. ஒருவன் கட்டிலுக்கடியில் புகுந்துகொள்வான். மற்றவர்கள் "பாண்டி எங்க? பாண்டி எங்க?" என்று கத்திக்கொண்டு ஓடுவார்கள். சுகந்தி அதட்டினால், இன்னும் உற்சாகமாகக் கத்துவார்கள்.

போலீஸ் மூன்று முறை அவள் வீட்டைச் சோதித்தது. கடைசி முறை வந்த எஸ்.ஐ. இந்துமதி, மற்றவர்களைப் போலப் பாத்திரங்களை உருட்டவில்லை. அடுப்புக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்து கேட்டார்.

"எங்க இருக்கான்னு கேக்கலைங்க. எங்க போவான்னு உங்களுக்குத் தோணுது?"

"தெரியாதுங்க மேடம்."

"கூடப் பொறந்தவங்களுக்கு ஒரு யூகம் இருக்குமல்ல?"

"இல்லைங்க."

இந்துமதி தன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

சுகந்தி சொன்னது பொய். அவளுக்கு ஒரு யூகம் இருந்தது. சின்ன வயதில் அப்பா அடித்தால் பாண்டியராஜ் ஓடிவிடுவான். ஊரே சேர்ந்து கொலக்கம்பை வரை தேடும். அவனோ லைனுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிக்கும் பாறைக்கும் நடுவே உட்கார்ந்திருப்பான். "அவ்வளவு பக்கத்துல ஏன்டா ஒளியுற?" என்று ஒருமுறை கேட்டபோது, "நீ கூப்பிடுறது கேக்கணுமல்ல" என்றான். குந்தா, தெப்பக்காடு, கேரளா என்று ஊர் தூரதூரமாகத் தேடிக்கொண்டிருந்த நாளெல்லாம் சுகந்தி தன் வீட்டுக்குப் பின்புறம் போகவே பயந்தாள். விறகு எடுக்க அழகையாவை அனுப்பினாள்.

ஐந்தாம் நாள் குழாயடியில் வேலாயி குரலை உயர்த்திப் பேசினாள். எதிர்வீட்டுக்காரி, அவளுடைய இரண்டு பிள்ளைகளும் சுகந்தியிடம்தான் வளர்ந்தன.

"கட்டுன பொண்டாட்டி இல்ல, ஆத்தா அப்பன் இல்ல. அக்காகிட்ட வராம வேற எங்க வருவான்? வூட்டுக்குப் போலீசு வந்து வந்து போகுது. பகல்ல பிள்ளைக்காம்பராவுலதான் யாரும் இல்ல. நம்ம புள்ளைங்கள அங்க விட்டுட்டு நம்ம எப்படி மேல கொழுந்து எடுக்குறது?"

சுகந்தி குடத்தை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டாள். மறுநாள் ஒன்பது குழந்தைகள். அதற்கு அடுத்த நாள் நான்கு. லீவு போட்டும், மாமியாரிடம் விட்டும், முதுகில் கட்டிக்கொண்டும் சமாளித்தார்கள். எட்டாம் நாள் இரண்டே குழந்தைகள் வந்தன, இரண்டும் ஸ்டெபியுடையவை. மூத்தவளுக்கு இரண்டரை வயது, சின்னவன் எட்டு மாதம். ஸ்டெபி கூடலூரிலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள், ஊரில் அவளுக்கு வேறு துணை இல்லை.

"நீயும் வேணா லீவு போட்டுக்கம்மா" என்றாள் சுகந்தி.

"எதுக்கு? எனக்கு உங்களைத் தெரியும் சேச்சி. அவனைத் தெரியாது" என்று சொல்லிவிட்டு ஸ்டெபி கூடையை மாட்டிக்கொண்டு போனாள்.

ஒன்பதாம் நாள் வியாழக்கிழமை. மழை விட்டிருந்தது. பதினொன்றரை மணிக்குச் சின்னவனைத் தொட்டிலில் போட்டு ஆட்டித் தூங்க வைத்தாள். மூத்தவள் பாயில் குப்புறப் படுத்துத் தூங்கிவிட்டாள். சுகந்தி சமையல் அறைக்குப் பால் காய்ச்சப் போனாள். பின்கதவைத் தாழ்ப்பாள் போட்டோமா என்று நினைத்துக்கொண்டே திரும்பியபோது அது திறந்திருந்தது. உள்ளே அவன் நின்றுகொண்டிருந்தான்.

முதலில் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. முகம் சுருங்கி, உதடு வெடித்து, இடது கால் வீங்கிப் பானை மாதிரி இருந்தது. சேறு காய்ந்த சட்டை. வலது மணிக்கட்டில் விலங்கு, அதன் மறுபாதி தொங்கி ஆடாமல் துணியால் சுற்றிக் கட்டியிருந்தான். கையில் கவ்வாத்துக் கத்தி, தேயிலைச் செடி வெட்டுகிறது.

"சத்தம் போடாத அக்கா."

"நீ போடாத. புள்ளைங்க தூங்குது" என்றாள் சுகந்தி. தன் குரல் சாதாரணமாக வந்தது அவளுக்கே வியப்பாக இருந்தது.

குழந்தைகளுக்கு வைத்திருந்த குழைந்த சோற்றைத் தட்டில் போட்டுக் கொடுத்தாள். கத்தியைக் கீழே வைக்காமலே இடது கையால் அள்ளித் தின்றான். பாதியில் விக்கியது. அவள் தண்ணீர் கொடுத்தாள், தலையில் தட்டப்போன கையை இழுத்துக்கொண்டாள்.

"எத்தன நாளாடா இங்க இருக்க?"

"நாலு நாளா. பின்னாடி பழைய கக்கூஸ்ல. பாத்துக்கிட்டேதான் இருந்தேன். நாளுக்கு நாள் புள்ளைங்க கொறஞ்சிட்டே வந்துச்சு. நமக்கு நல்லதாப் போச்சுன்னு நெனச்சேன்."

அந்த 'நமக்கு' சுகந்தியின் நெஞ்சில் இடித்தது.

"போலீஸ்ல போய் நின்னுடு. இந்தக் காலோட எங்க போவ?"

"நின்னா வெளிய வரமாட்டேன். நான் கொல்லணும்னு அடிக்கலைக்கா. தெரியும்ல உனக்கு?"

பதிலுக்கு அவன் காத்திருக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு திட்டத்தைச் சொன்னான். அழகையாவின் பேண்ட் சட்டை, ஸ்வெட்டர், குல்லா வேண்டும். விலங்கைச் சால்வையால் மூடிக்கொள்ளலாம். ஒரு மணி பஸ்ஸில் ஊட்டி, அங்கிருந்து கூடலூர்.

"நீயும் கூட வா. அந்தக் கைப்புள்ளையத் தூக்கிக்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம்னு சொல்லலாம். புள்ளையோட போற ஆளைச் செக்போஸ்ட்ல எவனும் எறங்கச் சொல்ல மாட்டான். கூடலூர்ல எறங்கினதும் நீ திரும்பி வந்துடு."

எட்டு நாளாகத் தம்பி பட்டினி கிடப்பானோ, அட்டை கடிக்குமோ, யானை மிதித்திருக்குமோ என்று தூங்காமல் கிடந்தவள் அவள். வந்து நின்றால் என்ன செய்வது என்று ஆயிரம் முறை யோசித்திருந்தாள். ஒருமுறைகூடத் தொட்டிலில் இருக்கும் குழந்தை அந்த யோசனைக்குள் வரவில்லை. அவன் தொட்டிலைப் பார்த்த பார்வையில் குரூரம் எதுவும் இல்லை. ஒரு போர்வையைப் பார்ப்பதுபோல, ஒரு குடையைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். அதுதான் தாங்க முடியவில்லை என்று பிற்பாடு சொன்னாள்.

"சரி" என்றாள். "துணி எடுத்துட்டு வரேன். ரெண்டையும் தூக்கிட்டுப் போறேன்."

"அதுங்க இருக்கட்டும். தூங்குதுல்ல."

"முழிச்சு உன்னைப் பாத்துச்சுன்னா வீல்னு கத்தும். மேல ரோட்டுக்குக் கேக்கும். பெரியவளை லைன்ல விட்டுட்டு, சின்னதை வெச்சுக்கறேன். நீ அதுக்குள்ள மூஞ்சி கழுவி வை. இந்தக் கோலத்துல பஸ் ஏற முடியாது."

அவன் அவளையே பார்த்தான். பால் அடுப்பில் பொங்கி வழிந்தது. அவள் எட்டி அடுப்பை அணைத்தாள். "சீக்கிரம் வாக்கா" என்றான்.

சின்னவனைத் தோளில் போட்டு, மூத்தவளை இடுப்பில் வைத்தாள். பழைய அடி விண்ணென்று தெறித்தது. பின்கதவை வெளிப்பக்கம் தாழிட்டு அதன் பூட்டையும் போட்டாள். இரும்பு இழுபடும் சத்தம் கேட்காமலிருக்க இருமினாள். சுற்றி வந்து முன்கதவைச் சாத்தி, கொண்டியில் பூட்டை மாட்டினாள். ஜன்னல்களுக்கெல்லாம் குழந்தைகள் விழாமலிருக்கக் கம்பி உண்டு. சாவிகளை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு ஏறத் தொடங்கினாள்.

எஸ்டேட்டில் போன் பேச டவர் கிடைப்பது ஒரே இடத்தில்தான். கொழுந்து எடை போடும் கொட்டகை மூலையில். அவள் போனது சரியாக மத்தியான எடை நேரம். கூடையோடு இருபது, முப்பது பெண்கள் வரிசையில் நின்றார்கள். ஸ்டெபி ஓடிவந்து குழந்தைகளை வாங்கினாள். சுகந்தி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு பேசினாள்.

"மேடம், நான் வெள்ளிப்பாறை சுகந்தி பேசுறேனுங்க. அவன் பிள்ளைக்காம்பராவுல இருக்கான். பூட்டியிருக்கேன். கால் ஒடிஞ்சிருக்குதுங்க, ஓட மாட்டான். சுட்டுறாதீங்க."

கொட்டகையில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். வேலாயி போனை வாயருகே வைத்துக் கத்துவதைச் சுகந்தி பார்த்தாள். அந்தக் குரல் இன்னும் ஐந்து நிமிடத்தில் பக்கத்து எஸ்டேட்டில் கேட்கும். குன்னூரிலிருந்து போலீஸ் வண்டி வர, என்னதான் ஓட்டினாலும், நாற்பது நிமிடம்.

அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கீழே ஓடினாள்.

பூட்டிய கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றபோது உள்ளே அவன் விஷயத்தைப் புரிந்துகொண்டிருந்தான். கதவு அதிர்ந்தது.

"அக்கா... நீயா பூட்டுன?"

"நான்தான்டா."

"தொறக்கா. காலப் புடிச்சுக் கேக்குறேன், தொற."

அவள் காதைப் பொத்திக்கொள்ள நினைத்தாள். பொத்தவில்லை. அவன் கெட்ட வார்த்தையில் திட்டினான். அழுதான். கத்தியால் கதவைக் கொத்தினான். ஒவ்வொரு கொத்தும் அவள் முதுகில் தெரிந்தது.

பக்கத்து எஸ்டேட்டிலிருந்து இரண்டு பிக்கப் வண்டிகளில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். சிலர் கையில் கம்பி, சிலர் கையில் கவ்வாத்துக் கத்தி. அவர்களுக்கு முன்னால் பழனியாண்டி வந்தார். மகன் இறந்த பிறகு சுகந்தி அவரை நேரில் பார்த்ததில்லை. கழுத்து எலும்பெல்லாம் தெரிந்தது. கையில் எதுவும் இல்லை.

"சாவியைக் குடு" என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

"போலீசு வரட்டும்."

"நீதான் ஒன்பது நாளா சோறு போட்டு வெச்சிருக்க. குடுடி சாவிய!"

அழகையா ஃபேக்டரியிலிருந்து ஓடிவந்து அவள் பக்கத்தில் நின்றான். அவனைப் பிடித்துத் தள்ளினார்கள். ஒருவன் சுகந்தியின் தோளைப் பிடித்து இழுத்தான். அவள் இரண்டு கையாலும் கொண்டியைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே சத்தம் நின்றுவிட்டது. பாண்டியராஜ் வெளியே நடப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

பழனியாண்டி கையை உயர்த்தினார். இழுத்தவன் விட்டான்.

"உள்ளதான் இருக்கானா?" என்று கேட்டார்.

ஒன்பது நாளாக யார் யாரோ கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. "இருக்கான்ணே" என்றாள்.

"போலீசுக்கு யாரு சொன்னது?"

"நான்தான்ணே சொன்னேன்."

"உங்கூடப் பொறந்தவன்தான?"

"ஆமாங்க."

அவர் கதவைப் பார்த்தார். பிறகு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். முதுகு சுகந்தியின் பக்கம், முகம் கூட்டத்தின் பக்கம். படி குறுகலானது. அவரைத் தாண்டாமல் கதவுக்கு யாரும் வரமுடியாது. மகனைக் கொன்றவனுக்குக் காவல் நிற்கும் எண்ணம் அவருக்கு இருந்ததா, வெறுமனே நிற்க முடியாமல் உட்கார்ந்தாரா, அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஒருவன் "சித்தப்பா, எந்திரிங்க" என்றான். அவர் எழுந்திருக்கவில்லை. யாரும் அவரைத் தொடவும் இல்லை. இருபது நிமிடம் அப்படியே கழிந்தது. கூட்டத்தில் யாரோ இருமினால்கூடச் சுகந்திக்கு உடம்பு தூக்கிப் போட்டது.

போலீஸ் வந்ததும் சாவியை இந்துமதியின் கையில் கொடுத்தாள். "கத்தியைக் கீழ போட்டுடு பாண்டி" என்று கதவுக்குள் ஒரு முறை கத்தினாள். கத்தி தரையில் விழும் சத்தம் கேட்டது. தூக்கிக்கொண்டு போகும்போது அவன் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை பிள்ளைக்காம்பராவுக்குப் பதினான்கு குழந்தைகள் வந்தன. வேலாயியும் வந்து பிள்ளையை நீட்டினாள். சுகந்தி வாங்கிக்கொண்டாள். ஆனால் அன்றிலிருந்து வேலாயியோடு அவளுக்குப் பேச்சு இல்லை, இன்றுவரை.

பிடிபட்ட பிறகும் ஊர் யூகிப்பதை நிறுத்தவில்லை. ஒன்பது நாளும் எங்கே இருந்தான் என்பதே இப்போது பேச்சு. பிப்ரவரியில் ஒரு நாள் குன்னூரிலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தபோது முன் சீட்டில் இரண்டு பெண்கள் அதைப் பற்றிப் பேசினார்கள்.

"அக்காக்காரிதான் ஒளிச்சு வெச்சிருந்தாளாம். அட்டாலிப் பரண் மேல. கடைசியில சண்டை வந்து காட்டிக் குடுத்துட்டாளாம்."

சுகந்தி வழக்கமாக இப்படிப்பட்ட பேச்சைக் கேட்டால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். அன்றைக்கு முன்னால் குனிந்து அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டாள்.

"ஏனுங்க, நான்தான் அந்த அக்கா. அப்படி நடக்கலைங்க."

இரண்டு பேரும் வெலவெலத்துப் போனார்கள். ஒருத்தி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். சுகந்தி அதற்கு இடம் கொடுக்காமல், மரம் விழுந்த நாளிலிருந்து தொடங்கி, வளைவுக்கு வளைவு பஸ் சாய்ந்து திரும்ப, எல்லாவற்றையும் சொன்னாள். கைக்குழந்தையைத் தூக்கி வரச் சொன்னதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது. தம்பியைப் பற்றி அதை வெளியாளிடம் அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.

"இப்ப உங்ககூடப் பேசறாருங்களா?" என்று கேட்டாள் அந்த இருவரில் மூத்தவள்.

"இல்லைங்க. ரெண்டு தடவ கோயம்புத்தூர் ஜெயிலுக்குப் போனேன். பாக்க மாட்டேன்னு சொல்லி அனுப்பிட்டான்."

"அப்புறம்?"

"அடுத்த மாசம் மறுபடி போகணுங்க" என்றாள் சுகந்தி. வெள்ளிப்பாறை ஸ்டாப் வந்திருந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினாள்.